சாவி கையில் இருந்தால் உள்ளே வரலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மன்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் வேறு நகரத்தில் வசிப்பதால், அவர் நியமித்த மேலாளரே எல்லாவற்றையும் கவனிக்கிறார். இரவு வேலை முடித்து நான் உறங்கும் பகல் நேரத்தில் இருமுறை தம்மிடமுள்ள சாவியால் திறந்து உள்ளே வந்துவிட்டார். கேட்டால், எந்நேரமும் பார்வையிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொல்கிறார். பூட்டை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, உரிமையாளரின் சம்மதமின்றி வாடகைக்காரர் பூட்டை மாற்றுவது தவறு. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்பந்தத்திலுள்ள அந்த வரி சட்டத்துக்கு முரணானது. ஆகவே நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது. மேலாளர் உரிமையாளரின் சார்பில் வருபவர் என்பதால், உரிமையாளருக்கே இல்லாத உரிமை அவருக்கு இருக்க முடியாது. திருத்த வேலைக்காகவோ வீட்டின் பராமரிப்பைப் பார்ப்பதற்காகவோ வருவதானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும், வரும் காரணம், நாள், காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்ட ஒரு நேரம் ஆகியவை அதில் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் சட்டத்தின் 27ஆம் பிரிவு. தீ, குழாய் உடைவு போன்ற அவசரங்களுக்கும், வாசலில் வந்து கேட்கும்போது நீங்களே சம்மதிக்கும் தருணத்துக்கும் இது பொருந்தாது.

நம்மவர்கள் பலர் பிழையாக விளங்கிக்கொள்வது இதன் மறுபக்கத்தைத்தான். முறையான அறிவித்தல் கிடைத்துவிட்டால், நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் அவர் நுழையலாம். கதவை மறித்தால், உங்களை வெளியேற்றக் கோரும் விண்ணப்பத்துக்கு அதுவே காரணமாகலாம். இரவு வேலை செய்பவர் என்பதைச் சொல்லி, மாலை நேரமாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கு இணங்க அவர் கடமைப்பட்டவர் அல்லர், ஆனால் பெரும்பாலானோர் இணங்குவார்கள்.

அவர் நுழைந்த இரு நாள்களையும் நேரத்தையும் குறித்து, மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதியை உரிமையாளருக்கும் அனுப்புங்கள். வீட்டில் நடப்பது உரிமையாளருக்குத் தெரியாமலே இருக்கக்கூடும். அதன் பிறகும் தொடர்ந்தால், வாடகைத் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் உரிமையாளர் - வாடகைக்காரர் சபையில் டி2 படிவத்தில் முறையிடலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள். வாடகைக் குறைப்புக்கு உத்தரவிடும் அதிகாரம் சபைக்கே உண்டு.

கேள்வி: வீட்டுக்காரரும் நானும் ஒரே சமையலறையைப் பயன்படுத்துகிறோம். இந்த விதி எனக்கும் உண்டா?

பதில்: இல்லை. அதே கட்டடத்தில் வசிக்கும் உரிமையாளருடன் சமையலறையையோ குளியலறையையோ கட்டாயம் பகிர வேண்டியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் அறைக்குள் யார், எப்போது வரலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.