கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கனடாவுக்கு எத்தனை மணித்தியாலம்?

மட்டக்களப்பில் பல வருடம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். இந்தக் கிழமை வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

களுவாஞ்சிக்குடி: அண்ணே, கொழும்பிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்? நேரே பிளைட் இருக்கா?

ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. துபாய் வழி போனால் முதலில் 3,300, பிறகு 11,100 கிலோமீற்றர். சுற்று என்று பார்த்தால் 400தான் கூட. பறக்கும் நேரம் முதலில் நாலரை, பிறகு பதினாலு மணித்தியாலம். துபாயில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். மூன்று மணித்தியாலம் என்றால் நல்லது.

கல்லடி: மகள் அனுப்பின டிக்கெட்டில் பகல் 1 மணிக்கு வெளிக்கிட்டு, இரவு 7.30க்கு லண்டன் என்று இருக்கு. ஆறரை மணித்தியாலத்தில் போயிருமா?

இல்லை அம்மா. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள். கோடைகாலத்தில் லண்டன் நம்மை விட நாலரை மணித்தியாலம் பின்னால். அதையும் கூட்டினால் பதினொரு மணித்தியாலம். 8,700 கிலோமீற்றருக்கு அது சரியான நேரம்.

அக்கரைப்பற்று: பூமி கிழக்கே சுத்துது. அப்ப மேற்கே போற பிளைட்தானே கெதியாப் போகணும்?

தம்பி, பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது. அதனால் விமானத்துக்கு அந்த லாபம் கிடைக்காது. ஆனால் 10, 12 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். முகத்துவாரம் வெட்டிவிட்டு வாவித் தண்ணீர் கடலுக்குப் பாயும் நேரம் தோணி வலித்தவருக்கு இது விளங்கும். லண்டன் போவதை விட அங்கிருந்து வர நேரம் குறைவது இதனால்தான்.

ஏறாவூர்: துபாயிலிருந்து கனடா போகும்போது, இருக்கைக்கு முன்னால் இருக்கிற திரை வரைபடத்தில் பிளைட் கிரீன்லாந்துப் பக்கம் போகுது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பிள்ளைகளின் பூமி உருண்டை ஒன்றை எடுங்கள். துபாயில் ஒரு விரலால் நூலை அழுத்திப் பிடித்து, மறுமுனையை ரொறன்ரோவில் வைத்து இறுக்குங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறி ஐஸ்லாந்து, கிரீன்லாந்துப் பக்கமாகப் போய் நிற்கும். அதுதான் குறுக்கு வழி. சுவரில் தொங்கும் தட்டையான படம்தான் நம்மை ஏமாற்றுகிறது. காற்றையும் மூடிய வான்பரப்புகளையும் பார்த்து, நாளுக்கு நாள் பாதை கொஞ்சம் மாறும்.

வாழைச்சேனை: அம்மாவுக்கு 70 வயசு, முதல் பயணம். காலை 10 மணிக்கு பிளைட். வீட்டால எப்ப வெளிக்கிடணும்?

முதல் நாள் இரவு 11 மணிக்கு வான் வண்டி வாசலில் நிற்கட்டும். வெலிக்கந்தையிலும் ஹபரணையிலும் யானை குறுக்கே வரும். டிரைவரை ஓட்டமாய் ஓடவிட வேண்டாம். 7 மணிக்கு விமான நிலையத்தில் இருந்தால் போதும். ரொறன்ரோ என்றால், வீட்டுப் படி இறங்கியதிலிருந்து மகன் வீடு போய்ச் சேர ஒன்றரை நாள் என்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. மருந்தும் டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டும் கைப்பையில் இருக்கட்டும். அப்புறம், கைக்கடிகாரத்தை வழியில் மாற்ற வேண்டாம். குளிசை போடும் நேரம் அம்மாவுக்கு நம் ஊர் மணியில்தான் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு மகன் மாற்றிக் கொடுக்கட்டும்.