இன்ஸ்பெக்டர் மனைவியின் மௌனம்

கேள்வி: என் மனைவி மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர். பெரும்பாலும் போக்சோ வழக்குகள்தான், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள். ராத்திரி எப்போது வருவார் என்றே தெரியாது, வந்தாலும் வாய் திறப்பதில்லை. பத்து வயது மகளை டியூஷனுக்குக்கூட அனுப்ப விடமாட்டேன் என்கிறார். தினமும் சண்டை. வேலையை விடச் சொல் என்கிறார் என் அம்மா. சொல்லலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: சொல்லாதீர்கள், சார்.

குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது போலீஸ் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது என்கிறது போக்சோ சட்டம். உங்கள் மனைவி சாதாரண உடையில் போய், அந்தக் குழந்தையின் வீட்டிலேயே உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறார். அந்தக் குழந்தைக்கும் உங்கள் மகள் வயதுதான் இருக்கும். அது யார், எந்தப் பள்ளி என்று வெளியே சொல்லவும் சட்டம் விடாது. கணவரிடமும் சொல்லக் கூடாது. உங்களை ஒதுக்கி வைக்க அவர் பேசாமல் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். "கேஸைப் பற்றி வேண்டாம், இன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். முதலில் பதில் வராது. விடாமல் கேளுங்கள்.

நேரமும் அவர் கையில் இல்லை. இந்த வழக்குகளில் இரண்டு மாதத்துக்குள் புலன் விசாரணையை முடிக்க வேண்டும். இடையில் பந்தோபஸ்து, சத்துவாச்சாரி கோர்ட்டில் சாட்சி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் வாரத்தில் வீட்டுப் பஞ்சாயத்தை எடுக்காதீர்கள். அது முடிந்ததும் இரண்டு நாள் லீவு போடச் சொல்லிக் கேளுங்கள், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் அடைக்க முடியாது. டியூஷன் நடக்கும் வீட்டை அவரே நேரில் பார்க்கட்டும். கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாப்பா போகட்டும்.

அவருக்குத் தூக்கம் கெட்டிருந்தால், எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டால், தள்ளிப்போடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பக்கத்திலேயே இருக்கிறது. சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வது அங்கே 1957இல் ஆரம்பித்த காலத்திலிருந்தே உள்ள வழக்கம். அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.

அம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள். வேலையை விடும் பேச்சு அவர் வாயிலிருந்து உங்கள் மனைவி காதுக்குப் போகவே கூடாது.