பாகம் குறைந்தால் ரிப்பேரும் சுலபமாகிவிடுமா?

கேள்வி: தண்ணீர் இறைக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் ஒரு டீசல் இன்ஜின் வாங்கப் பார்க்கிறேன். ஒன்று, பழைய பாணி மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின். இன்னொன்று புது டிசைன். அதில் வால்வு இல்லை, சிலிண்டரை மூடும் ஹெட் இல்லை. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடுகின்றன. டீசல் செலுத்துவது முழுக்க எலக்ட்ரானிக். "பாகம் குறைவு, அதனால் ரிப்பேரும் சுலபம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? எனக்கு ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.

பதில்: பாதி நம்பலாம். பாகம் குறைந்தால் கெட்டுப்போகிற இடங்களும் குறையும், அது சரிதான். ஆனால் கெட்ட பிறகு என்ன பாடு என்பது வேறு கணக்கு. தேய்ந்த ஒரு பாகத்தைத் தொடுவதற்கு முன்னால் நன்றாக இருக்கும் எத்தனை பாகங்களைக் கழற்ற வேண்டும்? நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நீங்கள் சொல்லும் எதிரெதிர் பிஸ்டன் டிசைன் உண்மையில் புதிதல்ல. 1930-களிலேயே ஜெர்மனியின் யுங்கர்ஸ் நிறுவனம் அதை விமானத்தில் பறக்கவிட்டது. இரண்டு பிஸ்டன்களும் நடுவில் நெருங்கும்போது காற்று இறுகுகிறது. விலகும்போது லைனரின் (பிஸ்டன் ஓடும் உள் குழாயின்) சுவரில் உள்ள துவாரங்கள் திறந்து, புகை வெளியேறிப் புதுக்காற்று நுழைகிறது. ஹெட் இல்லாததால் அதன் வழியாக வீணாகும் வெப்பமும் இல்லை, டீசல் மிச்சமாகும். ஹெட் கேஸ்கெட் போவது, வால்வு கிரைண்டிங் என்ற தொல்லைகளும் அப்படியே ஒழிந்தன.

ஆனால் அந்த இரண்டாவது பிஸ்டனை எதில் மாட்டுவது? பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்ற அதற்கும் ஒரு கிராங்க் வேண்டுமே. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் ஓடிய ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸ் இன்ஜினில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு கிராங்க் ஷாஃப்ட். லைனரை வெளியே எடுக்க முதலில் மேல் கிராங்கைத் தூக்கியாக வேண்டும். ஒரு லைனர் தேய்ந்ததற்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கிராங்கைக் கழற்றும் வேலை! பிரிட்டனின் நேப்பியர் டெல்டிக் இன்னும் ஒரு படி மேல். முக்கோண வடிவில் 18 சிலிண்டர், 36 பிஸ்டன், மூன்று கிராங்க். அளவுக்கும் எடைக்கும் அது தந்த சக்தி அபாரம். அதை மாட்டிய ரயில் இன்ஜின்களில், பழுதென்றால் அங்கேயே பிரித்துக்கொண்டிருக்கவில்லை. இன்ஜினை முழுசாக இறக்கி, தயாராக வைத்திருந்த வேறொன்றை மாட்டி அனுப்பினார்கள். கூடுதல் இன்ஜின்களும் தனிப் பணிமனையும் வைத்திருந்த ரயில்வேக்கு அது கட்டுப்படியானது. உங்களிடம் இருக்கப்போவது ஒரே இன்ஜின்.

இதே டிசைனில் 1954-ல் வந்த காமர் டிஎஸ்3 லாரி இன்ஜினோ கீழே ஒரே கிராங்க் வைத்து, ராக்கர் கைகள் (நடுவில் ஊன்றி ஆடும் தண்டுகள்) மூலம் ஆறு பிஸ்டன்களையும் அதோடு இணைத்தது. ஆகவே எதிரெதிர் பிஸ்டன் என்றாலே தொல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கிராங்க் எங்கே இருக்கிறது, பிஸ்டன் எந்த வழியாக வெளியே வரும் என்று பாருங்கள்.

ரிப்பேரை மனதில் வைத்தே வரைந்த இன்ஜின்களும் உண்டு. எனக்குப் பிடித்தது 1938-ல் வந்த டெட்ராய்ட் டீசல் 71 வரிசை. ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம். சிலிண்டர் எண்ணிக்கை எதுவானாலும் பிஸ்டன், லைனர், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாம் பொது. காற்றை உள்ளே தள்ளும் புளோயரையும் மற்ற துணைக்கருவிகளையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, கை எட்டும் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதே காலத்தின் இஎம்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரயில் இன்ஜினில் ஹெட், லைனர், பிஸ்டன், கனெக்டிங் ராட் நான்கையும் ஒரே கட்டாகத் தூக்கி மாற்றலாம். பக்கத்துச் சிலிண்டருக்குச் சேதி கூடத் தெரியாது. காற்றால் குளிரும் டாய்ட்ஸ் 912-ல் ஒவ்வொரு சிலிண்டரும், ஹெட்டும் தனித்தனி.

சரி, உங்கள் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் என்ன பார்ப்பது? லைனர். வெட் லைனர் என்றால், அதாவது தண்ணீர் நேராக லைனரைத் தொட்டு ஓடுவது என்றால், இன்ஜினை இறக்காமலேயே பழையதை இழுத்துவிட்டுப் புதியதை மாட்டலாம். பிளாக்கிலேயே கடைந்த சிலிண்டர் என்றால் பிளாக் லேத்துக்குப் போயே ஆக வேண்டும். வெட் லைனரிலும் ஒரு குறை உண்டு. கீழே இருக்கும் ரப்பர் ஓ-ரிங் போனால் தண்ணீர், அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குள் இறங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் இன்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் எலக்ட்ரானிக்ஸ். 1995-ல் லாரிக்கும் 1997-ல் காருக்கும் வந்த காமன் ரெயில் முறையை (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் உயர் அழுத்தத்தில் நிற்கும், கம்ப்யூட்டர் சொல்லும்போது பாயும்) நான் குறை சொல்ல மாட்டேன். சத்தமும் புகையும் குறைந்தது அதனால்தான். ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்கிறீர்களே, அதனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய இன்ஜின் மிஸ் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடினால், ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டாக லேசாகத் தளர்த்துவோம். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். கைப்பழக்கமாகவே ஆகிப்போன வித்தை இது. பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயில் பைப்பிலோ 1,600 பார், சிலவற்றில் 2,000-க்கும் மேல் நிற்கிறது. அங்கே அந்த நட்டில் கை வைத்தால், ஊசிமுனை போலப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனால் உடனடி அறுவை சிகிச்சை இல்லையென்றால் விரலே போகலாம். அதில் மிஸ் அடிப்பதைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, கையேடு சொல்லும் நேரம்வரை பொறுத்து, இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களை ஆளுக்கொரு பாட்டிலில் விட்டு ஓடவிட வேண்டும். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது.

கண்டுபிடித்து என்ன செய்வது? அந்த இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியோ ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். வீட்டு வாசலில் உட்கார்ந்து பிரிக்கிற சமாச்சாரம் அல்ல. பல மாடல்களில் புது இன்ஜெக்டர் மாட்டியதும் அதன் மேல் பொறித்த எண்ணை ஸ்கேனர் கருவி மூலம் இன்ஜினின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஹை பிரஷர் பம்ப் உள்ளே அரைபட்டால் இன்னும் மோசம், இரும்புத்தூள் ரெயில், இன்ஜெக்டர், டேங்க் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். பம்பை மட்டும் மாற்றினால் புது பம்பும் சில நாளில் போகும்.

என் தேர்வைக் கேட்டால், தினமும் பல மணி நேரம் ஓடி டீசல் செலவே பெரிதாக நிற்கும் இடத்துக்குப் புது டிசைன் சரி. அதுவும் ஸ்கேனரோடு வரும் மெக்கானிக் பக்கத்தில் இருந்தால்தான். அவ்வப்போது ஓடி, நின்றால் நீங்களே பார்க்க வேண்டிய இடத்துக்கு மெக்கானிக்கல் பம்பும் வெட் லைனரும் உள்ள இன்ஜினை எடுங்கள். எதை எடுத்தாலும் தண்ணீர் பிரிக்கும் டீசல் ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் சர்வீஸ் மேனுவலைக் கேட்டு வாங்கி, ஒரு லைனரை மாற்றும் பக்கத்தைப் புரட்டுங்கள். முதல் வரியே "இன்ஜினை இறக்கவும்" என்று இருந்தால் மற்றதைப் படிக்க வேண்டியதில்லை.