மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்கள் அன்றாடப் பழக்கங்களில் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

சின்ன வயதில் மும்பை செம்பூரில் பரதநாட்டியம் கற்றபோது, "உடம்பு வில்லாட்டம் வளையுதே" என்று டீச்சர் மெச்சுவார். மூட்டுகளைப் பிடித்து நிறுத்தும் நார்களே எனக்குத் தளர்வு என்பது 29 வயதில்தான் தெரிந்தது. அன்று ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் மேலே கைப்பிடியைப் பற்றி நின்றிருந்தேன். குலுக்கலில் தோள் நழுவிவிட்டது.

டாக்டர் சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்து பெய்ட்டன் ஸ்கோர் போட்டார். 9க்கு 7. பெரியவர்களுக்கு, 50 வயது வரை, 5 வந்தாலே மூட்டுகள் அதிகம் வளைகின்றன என்று பொருள். எனக்கு வந்திருப்பது எலர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசு நோயில் ஹைப்பர்மொபைல், அதாவது மூட்டுகள் அதிகம் வளையும் வகை. இந்த வகைக்கு மட்டும் இன்னும் மரபணுப் பரிசோதனை கிடையாது.

நான் முதலில் விட்டது, மூட்டை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோகும் பழக்கம். நிற்கும்போது முழங்கால் பின்பக்கம் வளைந்து பூட்டிக்கொள்ளும். இப்போது துளி மடக்கியே நிற்கிறேன். ரயிலில் மேல் கைப்பிடி வேண்டாம், மார்பு உயரத்தில் கம்பியைப் பிடிக்கிறேன். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக, பாதி இடுப்பு தொங்க உட்காருவதற்குப் பதில் நின்றே போகலாம்; எனக்கு அப்படி உட்கார்ந்த மறுநாள் இடுப்பு வலி நிச்சயம். குக்கரை இரண்டு கையாலும்தான் தூக்குகிறேன்.

யோகாவை விட வேண்டியதில்லை, ஆனால் இழுத்து வளைக்கும் ஆசனங்கள் நமக்கு ஆகாது. நமக்குத் தேவை தசை பலம். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியில் தொடங்கினேன். தினமும் 15 நிமிடம். பலன் தெரிய நாலு மாதம் ஆனது, அவசரப்படாதீர்கள். வலி குறைந்த நாளில் மொத்த வீட்டையும் துடைத்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்திருக்கிறேன். நல்ல நாளிலும் வேலையைப் பிரித்துத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், எழுந்ததும் தலைசுற்றல் பலருக்கு உண்டு. மும்பையின் அக்டோபர் வெயிலில் எனக்கு இன்னும் மோசம். தண்ணீரும், காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையும் உதவுகின்றன. உப்பைக் கூட்டுவது மட்டும் டாக்டர் சொன்னால்தான், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். தோல் மெல்லியதாக இருந்து சும்மாவே ரத்தம் கட்டினாலோ, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் ரத்தக்குழாய் வெடித்திருந்தாலோ, பயிற்சிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அது எலர்ஸ்-டான்லோஸின் வேறு வகையாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனை உண்டு.