பொம்மையாகிவிடும் விண்கலங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அறிவியல் புனைகதை அட்டைப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இரண்டு வருடமாக நானும் விண்கலங்கள் வரைகிறேன். ஏ3 தாள், அக்ரிலிக். கோடு சுத்தமாக வருகிறது, வண்ணமும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் எதை வரைந்தாலும் மேசைமேல் வைத்த பொம்மை மாதிரியே தெரிகிறது. பெரிதாகத் தெரியட்டும் என்று ஜன்னல், குழாய், ஆண்டெனா, தகடுகளின் இணைப்புக் கோடு என்று சேர்த்துக்கொண்டே போகிறேன். சேர்க்கச் சேர்க்க இன்னும் சின்னதாகிறது.

ஓவியர்கள் கிறிஸ் ஃபாஸ், ஜான் பெர்க்கி வரைந்த அட்டைகளில் கலம் உள்ளங்கை அளவுதான். ஆனால் ஒரு நகரமே மிதந்து வருவதுபோல இருக்கிறது. எப்படி? வானம் வேறு எனக்குக் கரும்பலகையாக வந்து நிற்கிறது. காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாமல் இதெல்லாம் முடியவே முடியாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஜன்னல்தான் காரணம்.

விண்வெளிப் படத்தில் மரம் கிடையாது, ஆள் கிடையாது, அடிவானம் கிடையாது. கலம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள, கண் தனக்குப் பழகிய ஒரு பொருளைத் தேடும். ஜன்னலைக் கண்டதும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். மிச்சத்தையெல்லாம் அதை வைத்தே அளந்துவிடும். உங்கள் தாள் 42 செ.மீ. அகலம். அதில் கலம் 30 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது 300 மீட்டர் கலம் என்றால் தாளில் 1 மி.மீ. என்பது 1 மீட்டர். ஜன்னலும் 1 மி.மீ.தான் இருக்கலாம். நீங்கள் 5 மி.மீ. ஜன்னல் போட்ட அந்த நொடியில் கலம் 60 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இணைப்புக் கோடுகளுக்கும் இதே கணக்குத்தான். 0.5 மி.மீ. பேனாவால் இழுத்த கோடு அந்தக் கலத்தில் அரை மீட்டர் அகலமுள்ள பிளவு. அப்படிப்பட்ட இடைவெளியோடு தகடுகளைப் பொருத்தி யாரும் கலம் கட்டுவதில்லை. ஆனால் பிளாஸ்டிக் பொம்மையின் மூட்டுகள் அப்படித்தான் இருக்கும். கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும்.

அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன்பே தாளின் மூலையில் எழுதிவைத்துவிடுங்கள்: 1 மி.மீ. = இத்தனை மீட்டர். கலம் மூன்று கிலோமீட்டர் என்றால் 1 மி.மீ. = 10 மீட்டர்; ஜன்னல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எந்தத் தூரிகையாலும் அதை வரைய முடியாது. அங்கே ஜன்னலே வேண்டாம். தகடுகளைக் கோடு போட்டுப் பிரிக்காமல், பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு மிகச் சிறிய டோன் (வெளிர், அடர்) வித்தியாசம் மட்டும் கொடுங்கள். கையளவு தூரத்தில் பார்த்தால் தெரிய வேண்டும், மூன்று மீட்டர் தள்ளிப் பார்த்தால் கலந்து மறைந்துவிட வேண்டும்.

பெர்க்கியின் படங்களில் இதைத்தான் பார்க்கிறோம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருந்து வரைந்தவர், 2008இல் இறந்தார். கேசீனும் (பால் புரதத்தில் குழைத்த வண்ணம்) அக்ரிலிக்கும் அவருடைய ஊடகங்கள். நல்ல அச்சில் வந்த ஒரு படத்தில் ஒரு சதுர அங்குலத்தை மட்டும் தாளால் மறைத்துப் பாருங்கள். இயந்திரம் எதுவும் இருக்காது. தட்டைத் தூரிகையின் நாலைந்து சதுரத் தீற்றல்கள்: ஒன்று வெதுவெதுப்பான வெள்ளை, அதையொட்டி ஒரு நீலச் சாம்பல், ஓரத்தில் ஒரு துளி ஆரஞ்சு. மறைத்த தாளை எடுத்ததும் அதே தீற்றல்கள் கதவாகவும் தளமாகவும் குழாயாகவும் மாறிவிடுகின்றன. நாம் பார்த்ததாக நம்பும் நுணுக்கத்தில் பெரும்பகுதி தாளில் இல்லவே இல்லை. அவர் டோனைச் சரியாக வைத்தார், மிச்சத்தை நம் கண் கட்டிக்கொண்டது. பழைய அட்டைகள் இன்றைக்கும் நம்மை இழுப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து. பார்ப்பவருக்கு அவை வேலை வைக்கின்றன.

நுணுக்கத்தைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் எங்கே சேர்ப்பது? ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டை ஒட்டி. தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முழுநிலவில் பள்ளங்கள் மங்கிப்போகும். அரைநிலவில் வெளிச்சமும் இருளும் பிரியும் அந்தக் கோட்டருகே ஒவ்வொரு பள்ளமும் செதுக்கியதுபோல நிற்கும். அங்கே வெளிச்சம் சாய்வாக விழுவதால் சின்ன மேடுகூட நீள நிழல் போடுகிறது. கலத்தின் உடம்பிலும் அதே விதிதான். முழு வெளிச்சப் பகுதியைக் கிட்டத்தட்ட வெறுமையாக விடுங்கள், முழு நிழலில் ஒன்றும் போடாதீர்கள், எல்லை ஓரத்தில் மட்டும் நெருக்குங்கள். உடம்பின் மூன்றில் இரண்டு பங்கு காலியாக இருந்தாலும் கலம் நிறைந்திருப்பதாகவே தெரியும்.

ஃபாஸ் வேறு வழியில் போனார். 1970களின் பிரிட்டிஷ் பேப்பர்பேக் அட்டைகளில் அவருடைய கலங்கள் மீன் போல, கட்டடம் போல, எந்த வடிவத்திலும் இருக்கும். உடம்பெங்கும் மஞ்சள், சிவப்புப் பட்டைகளும் கட்டங்களும். அவை வெறும் அலங்காரமல்ல. பட்டை உடம்பைச் சுற்றி வளைவதால் உடம்பு எங்கே உருண்டிருக்கிறது, எங்கே உள்வாங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. நிஜ ராக்கெட்டுகளிலும் பூச்சுக்கு ஒரு வேலை உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி உருவாக்கி, சோதனைக்காக ஏவிய வி-2 ராக்கெட்டுகளுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பூசினார்கள். பறக்கும்போது ராக்கெட் தன் அச்சில் சுழல்கிறதா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உங்கள் கலத்தில் ஒரு பட்டை போடும்போதும் அது எதற்கு என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்: கதவா, அபாய எல்லையா, பிரிந்துபோகும் பாகமா?

பட்டையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உருளையான கலத்தைச் சுற்றிப் போகும் பட்டை தாளில் ஒரு நீள்வட்டத்தின் பகுதி. அந்த நீள்வட்டத்தின் நீண்ட அச்சு கலத்தின் நடு அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கலம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதுவும் கூடவே சாய வேண்டும். பழக்கதோஷத்தில் தாளின் விளிம்புக்கு நேராக வைத்துவிடுவோம், உடனே குழாய் முறுக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, தொலைவில் இருக்கும் முனையின் நீள்வட்டம் அளவில் சிறியது, ஆனால் வடிவத்தில் அருகில் இருப்பதைவிட உருண்டை. பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். நீள்வட்டத்தின் இரு முனைகளும் பாதாம்பருப்பு போலக் கூராக இருக்கவே கூடாது; அங்கேயும் சின்ன வளைவு உண்டு. முதலில் நடு அச்சை இழுங்கள், பிறகு நான்கைந்து முழு நீள்வட்டங்களைக் கண்ணாடிக் குழாயில் பார்ப்பதுபோலப் பின்பக்கமும் சேர்த்து வரையுங்கள், பட்டையை அதற்குப் பிறகு வையுங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். காற்று இல்லாத இடத்தில் ஒளி சிதறாது. நிழல் கன்னங்கரேலென்று இருக்கும், விளிம்பு கத்தி போல இருக்கும். ஒரே சூரியன், ஒரே திசை. ஆனால் பக்கத்தில் ஒரு கோள் இருந்தால் அதிலிருந்து திரும்பிவரும் ஒளி நிழல் பக்கத்தைத் தடவும்: பூமி என்றால் நீலம், செவ்வாய் என்றால் செம்மண் நிறம். இந்த எதிரொளி இல்லாமல் வரைந்தால் கலம் பாதியாக வெட்டுண்டு நிற்கும். அளவு மீறினால் இரண்டு விளக்கு வைத்து எடுத்த பொருள்காட்சிப் படமாகிவிடும். எல்லை இதுதான்: நிழல் பக்கத்தின் மிக வெளுத்த இடமும், வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கிய இடத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை செஸ்லி பொனெஸ்டெல்லைவிட நன்றாகக் காட்டியவர் யாரும் இல்லை. கட்டடக்கலை படித்தவர், ஹாலிவுட்டில் பின்னணி ஓவியங்கள் வரைந்தவர். சனியின் நிலவான டைட்டனிலிருந்து தெரியும் சனியை அவர் வரைந்த ஓவியம் 1944 மே மாதம் லைஃப் இதழில் வந்தது. அந்தக் காட்சியில் சனி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்கிடலாம். சனியின் விட்டம் சுமார் 1,20,000 கி.மீ., டைட்டன் இருக்கும் தூரம் சுமார் 12,20,000 கி.மீ. கண்ணுக்கு அது ஐந்தரை டிகிரிக்குச் சற்று மேல் வரும். நமக்கு நிலவு அரை டிகிரி. ஆக அதைப்போலப் பதினோரு மடங்கு. உங்கள் தாளின் அகலம் 40 டிகிரி காட்சியைக் காட்டுகிறது என்று முடிவுசெய்தால் சனி 6 செ.மீ. விட்டம். டைட்டன் கிட்டத்தட்ட வளையங்களின் தளத்திலேயே சுற்றுவதால் வளையம் அங்கிருந்து ஒரு கோடு மாதிரிதான் தெரிய வேண்டும். 2005இல் ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியபோது தடித்த ஆரஞ்சு மூட்டம்தான் இருந்தது, அங்கிருந்து சனியே தெரியாது. அப்படியும் அந்த ஓவியம் பொய்யாகத் தோன்றவில்லை. பாறைகளின் மேல் விழும் வெளிச்சமும் சனியின் பிறையும் ஒரே சூரியனுக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன, அதனால்தான்.

உங்கள் கரும்பலகை வானத்துக்குக் காரணம் குழாயிலிருந்து நேராக எடுத்த கறுப்பு. இரண்டு பங்கு அல்ட்ராமரைன் நீலம், ஒரு பங்கு பர்ன்ட் அம்பர் பழுப்பு கலந்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. சில இடத்தில் நீலமும் சில இடத்தில் பழுப்பும் லேசாகத் தூக்கலாக இருக்கட்டும். வானம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1926 ஏப்ரலில் அமேசிங் ஸ்டோரிஸ் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் முதல் இதழ் வந்ததிலிருந்து அதன் அட்டைகளை வரைந்த ஃபிராங்க் ஆர். பால் வானத்தை மஞ்சளாகவும் சிவப்பாகவும் தட்டையாகப் பூசினார். கடையில் நூறு இதழ்களுக்கு நடுவே தொங்கும் அட்டை தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். தலைப்புக்கு மேல்பகுதியை விட்டுவிட வேண்டும். மிஞ்சிய இடத்தில் ஒரே ஒரு வலுவான வடிவம். இந்த நெருக்கடி அந்தப் படங்களுக்கு நன்மைதான் செய்தது. உங்கள் படத்துக்குத் தலைப்பு கிடையாது என்றாலும் மேலே கால் பங்கைக் காலியாக விட்டுப் பாருங்கள். பெரிய தாளில் தொடங்குவதற்கு முன் 5 x 7 செ.மீ. அளவில் பத்துச் சிறுபடங்கள் போடுங்கள், மூன்றே டோன்களில். மூன்று மீட்டர் தள்ளி ஒட்டிவைத்தால் எது கலம், எது வானம் என்று தெரியாதவற்றைக் கழித்துவிடுங்கள்.

நட்சத்திரங்களுக்குப் பழைய பல்துலக்கும் தூரிகை போதும். வெள்ளையைப் பால் பதத்துக்குக் கரைத்து, 25 செ.மீ. தூரத்திலிருந்து விரலால் தெறிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று தெறிப்பில் பெரிய சொட்டுகள் விழும், அதனால் வேறு தாளில் தெறித்துவிட்டு வாருங்கள். கலத்தை மூடிவையுங்கள்; கோள் இருந்தால் அதன் இருண்ட பக்கத்தையும் சேர்த்து முழு வட்டத்தையும் மூடுங்கள். பிறைக்குள் நட்சத்திரம் தெரிந்தால் கோளில் ஓட்டை விழுந்ததாக அர்த்தம். அச்சான அட்டைகளிலேயே இந்தத் தவறு உண்டு. எங்கும் ஒரே அடர்த்தியில் தெறிக்காதீர்கள். வெயில் படும் பக்கத்தை ஒட்டிய வானத்தில் குறைத்துவிடுங்கள்.

ஏர்பிரஷ் கட்டாயமில்லை. வாங்குவதானால் 0.3 மி.மீ. ஊசி, இரட்டைச் செயல் விசை (அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம்), 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம். அக்ரிலிக் ஊசிமுனையில் சீக்கிரம் காய்ந்து துப்பத் தொடங்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத் தூரிகையால் முனையைத் துடைக்க வேண்டும். வண்ணம் நீர்த்துப்போய், முனையும் தாளுக்கு மிக அருகில் இருந்தால் சிலந்திக்கால் போல ஓடும். கெட்டியாக இருந்து தூரத்திலிருந்து அடித்தால் மணல் மணலாக விழும். உண்மையான ஆபத்து, வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் படலம். அதை வைத்து அடித்த ஒவ்வொரு விளிம்பும் ஒரே கூர்மையோடு வரும், கலம் வெட்டி ஒட்டியது போலாகிவிடும். பாதி இடங்களில் படலத்துக்குப் பதிலாக ஒரு அட்டையைத் தாளிலிருந்து 5 மி.மீ. தூக்கிப் பிடித்து அடியுங்கள், விளிம்பு மென்மையாகும். நிழல் பக்க விளிம்பைச் சில இடத்தில் வானத்தோடு கரைந்துபோகவே விட்டுவிடலாம். ஏர்பிரஷ் இல்லையென்றால், வண்ணத்தில் உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளி கலந்து, இரண்டு டோன்களை அடுத்தடுத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் உலர்ந்த மென்தூரிகையால் குறுக்காகத் தடவினால் அதே வழுவழுப்புக் கிடைக்கும். அந்தத் திரவம் அதிகமானால் மேற்பரப்பு நாள்கணக்கில் பிசுபிசுக்கும். தாளும் இத்தனை ஈரத்தைத் தாங்காது, நெளியும். அதற்குப் பதில் ஹார்ட்போர்டில் ஜெசோ (வெள்ளை அடிப்பூச்சு) நான்கு பூச்சு, ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் குறுக்காக அடித்து, நடுவில் 400 எண் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாம் காய்ந்தபின், வெள்ளையில் மஞ்சளும் ஒரு பொட்டு ஆரஞ்சும் கலந்து, பல்குத்தும் குச்சியின் முனையால் நிழல் பக்கத்தில் மட்டும் வையுங்கள். சம இடைவெளியில் வரிசையாக வைத்தால் பேருந்து ஆகிவிடும். ஓரிடத்தில் ஏழெட்டு நெருக்கமாக, பிறகு நீண்ட இருட்டு, அப்புறம் தனியாக ஒன்று. அந்த 300 மீட்டர் கலத்தில் எந்தப் புள்ளியும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்