வெந்நீர் அத்தைக்கு, ஓய்வு உங்களுக்கு

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். டிசம்பர் விடுமுறையில் இரண்டு இரவு எங்காவது போய் ஓய்வெடுக்க ஆசை. என் மாமியாருக்கு 69 வயது. முட்டி வலி, இனிப்பு நீரும் (சர்க்கரை வியாதி) உண்டு. வெந்நீர் ஊற்றில் காலை வைத்தால் வலி போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கோ கடல் வேண்டும். கடலோரத்தில் ‘மினரல் ஸ்பிரிங்’ ரிசார்ட் என்று ஒரு விளம்பரம் பார்த்து வைத்திருக்கிறார், ஓர் இரவுக்கு 700 வெள்ளி (ரிங்கிட்). இல்லாவிட்டால் திரெங்கானு போய் லா வெந்நீர் ஊற்றையும் கடலையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்கிறார். சமைக்காமல், துவைக்காமல் இரண்டு நாள் இருந்தால் எனக்குப் போதும். இதை வாய்விட்டுச் சொன்னால் சுயநலமாகத் தெரியுமோ?
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுயநலம் இல்லை, தங்கச்சி. அரிசிக் குக்கர், மசாலைத் தூள் டப்பா, நெத்திலிப் பொட்டலம் என்று பாதிச் சமையலறையைக் கார் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், அலைச் சத்தம் கேட்கக் கேட்க ரசம் கொதிக்க வைத்த பெண்களை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தி நான்தான். வீடு திரும்பியதும் ஒரு நாள் லீவு போட்டுத் தூங்கினேன்.

சரி, அந்த விளம்பரத்துக்கு வருவோம். நம் தீபகற்பத்தில் கொதிக்கும் எரிமலை எதுவும் கிடையாது. மழைத் தண்ணீர் கருங்கல் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் பூமியின் உள்சூட்டில் காய்ந்து, வேறொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. அதுதான் நம் வெந்நீர் ஊற்று. அதனால் பெரும்பாலானவை தித்திவங்சா மலைத்தொடரை ஒட்டியே கிடக்கின்றன. செலாயாங், உலு லங்காட்டில் டுசுன் துவா, கெர்லிங், சுங்காய், ஈப்போ பக்கம் தம்புன் எதுவுமே கடலோர ஊர் இல்லை. ‘வாசலில் அலை, கொல்லையில் ஊற்று’ என்று ஒருவர் விற்றால், போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளத்தில் எத்தனை டிகிரி? ஊற்று வைத்திருப்பவர்கள் உடனே சொல்வார்கள். ‘எங்கள் மினரல் தண்ணீர் ரொம்ப ஸ்பெஷல் மேடம்’ என்று இழுத்தால், குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஹீட்டர் போட்ட குளமாக இருக்கலாம்.

அதிலும் தப்பில்லை என்பேன். தண்ணீரில் கரைந்திருக்கும் தாது உப்புகள் தோல் வழியாக உடம்புக்குள் போவது ரொம்பக் கொஞ்சம். முட்டிக்கு இதம் கிடைப்பது முக்கியமாகச் சூட்டினால். இடுப்பளவு, மார்பளவு இறங்கினால் தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்குவதும் சேர்ந்துகொள்ளும். ‘மினரல்’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு இரவில் 1,400 வெள்ளி கொடுப்பதைத்தான் என் மனம் ஒப்பவில்லை.

திரெங்கானுவை விட்டுவிடுங்கள். லா ஊற்று உலு பெசுட்டில் இருப்பது உண்மை, கடலும் அதிக தூரம் இல்லை. ஆனால் டிசம்பரில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், கடல் கொந்தளிக்கும், கோலா பெசுட்டிலிருந்து படகில் போகும் பெர்ஹெந்தியான் தீவின் ரிசார்ட்காரர்களே கடையைக் கட்டிவிடுவார்கள். முட்டி வலிக்காரரை ஏழு மணி நேரம் காரில் மடக்கி வைத்து அழைத்துப் போய், அறை ஜன்னல் வழியே மழையைக் காட்டவா?

நான் சொல்வது இது. இரண்டு இரவும் மேற்குக் கரையில் போர்ட்டிக்சனில் தங்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். தெலுக் கெமாங் பக்கம் கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் சுமாரான ஹோட்டல் போதும். சமையலறை வைத்த அபார்ட்மெண்ட் மட்டும் வேண்டாம். அடுப்பைப் பார்த்தால் உங்கள் கை சும்மா இருக்காது. போர்ட்டிக்சன் டவுனிலும் லுக்குட்டிலும் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டாம் நாள் காலையில் வெந்நீர். போர்ட்டிக்சனிலிருந்து லிங்கி வழியாக உள்ளே போனால் பெடாஸ். மலாயில் பெடாஸ் என்றால் காரம், வெந்நீர் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். அங்கே வெந்நீர்க் குளம் திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வதா? உங்கள் வீட்டுக்காரரிடம்தான். அம்மாவையும் பிள்ளைகளையும் அவர் அழைத்துப் போகட்டும். நீங்கள் போக வேண்டியதில்லை. போர்வையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள், இல்லை கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு தே தாரிக் குடியுங்கள். ‘எனக்கு ஓய்வு வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. ‘சனிக்கிழமை காலை நான் வரவில்லை, நீங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கிழமையோடு சொல்லுங்கள்.

இனி வருவது அவருக்கு. வெட்டி எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

தம்பி, உங்கள் அம்மாவுக்கு இனிப்பு நீர் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று உங்கள் மனைவி எழுதவில்லை. வருஷக்கணக்கில் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கலாம். என் அம்மாவை ஒரு முறை பொதுக் குளம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். விளிம்பில் உட்கார்ந்து கால் இரண்டையும் உள்ளே விட்டவர், ‘சூடே இல்லையே, இதுக்கா இவ்வளவு தூரம்?’ என்றார். என் முழங்கையை விட்டுப் பார்த்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அன்று சாயந்திரம் அவர் குதிகாலில் இருபது காசு அளவுக்குக் கொப்புளம். ஆறுவதற்கு மூன்று வாரம் கிளினிக்கில் கட்டுக் கட்டினோம். தண்ணீரைச் சோதிக்காமல் அவரை இறக்கிவிட்டது என் தப்பு.

ஆகவே போவதற்கு முன் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதத்தில் வெட்டோ வெடிப்போ இருந்தால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம். சூட்டை அம்மாவின் காலை வைத்துப் பார்க்காதீர்கள், உங்கள் முழங்கையை வையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு இருந்தால் சரி, 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். முழங்கால் மூழ்கும் அளவுக்குப் பத்து நிமிஷம் போதும். எழும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழட்டும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிவதால் பிரஷர் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னும் கவனம். இன்சுலின் போடுபவர் என்றால் சூட்டில் அது வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை இறங்கிவிடலாம். பசியோடு கூட்டிப் போகாதீர்கள், பையில் ஒரு மைலோ பாக்கெட் இருக்கட்டும். விளிம்புச் சிமெண்டும் வெயிலில் காயும், அதனால் சிலிப்பரைக் கழற்ற வேண்டாம். முடிந்ததும் விரல் இடுக்கெல்லாம் துண்டால் ஒற்றித் துடையுங்கள். அதை நீங்களே செய்யுங்கள், அம்மாவால் குனிய முடியாது.

பிள்ளைகள் தலையை உள்ளே முக்கிக் குதிக்கக் கூடாது. வெதுவெதுப்பான ஊற்றுநீரில் ஒருவகை அமீபா வாழக்கூடும். மூக்கு வழியே ஏறினால் மூளைவரை போகும். மிக அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். கழுத்துக்கு மேல் தண்ணீர் படாமல் விளையாடட்டும்.

அம்மா வர மறுத்தாலும் வற்புறுத்தாதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் வெந்நீர் ஊற்று என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு அந்தச் சொல் திருகோணமலைக் கன்னியாவைத்தான் நினைவூட்டும். அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. இறந்தவர்களுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்யும் இடமும் அதுதான். ‘உயிரோடு இருக்கும்போதே என்னை ஏன்டா அங்கே கூப்பிடுறீங்க’ என்பார்.

தங்கச்சி, உங்களுக்கு ஒரே ஒரு வேலை மிச்சம். சில ஊற்றுகளில் கந்தக வாடை இருக்கும், அந்தத் தண்ணீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அவர்கள் கிளம்புவதற்கு முன் அத்தை காலில் வெள்ளி ஏதாவது இருந்தால் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை உங்கள் வீட்டுக்காரர் நிச்சயம் மறந்துவிடுவார்.