பிறப்பு குறைந்தும் தொகை ஏன் ஏறுகிறது? மக்கள்தொகை: கேள்வி பதில்

ஒரே பொருள் கொண்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உலகின் வளர்ச்சி விகிதம் 1960களிலிருந்தே இறங்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் 1999இல் 600 கோடி, 2011இல் 700 கோடி, 2022இல் 800 கோடி என்று அதே வேகத்தில் ஏறுவது எப்படி? கணக்கு இடிக்கிறதே.

பதில்: இடிக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் உலகத் தொகை சுமார் 350 கோடி, வளர்ச்சி ஏறக்குறைய 2%. ஆண்டுக்கு 7 கோடி கூடியது. இப்போது 800 கோடிக்கு மேல், வளர்ச்சி 0.9% அளவில். பெருக்கினால் அதே 7 கோடிதான். விகிதம் பாதிக்கும் கீழே போனாலும் அடித்தொகை இரட்டிப்பாகிவிட்டதால் கூடுதல் மாறவில்லை.

இங்கே இன்னொரு தப்பும் சகஜம். 70ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தெரியும். 70 ÷ 0.9 என்றால் சுமார் 78 ஆண்டு. ஆகவே இந்த நூற்றாண்டு முடிவதற்குள் 1600 கோடி என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் விகிதம் மாறாமல் இருந்தால்தான் செல்லும். விகிதமே இறங்கிக்கொண்டிருப்பதால், ஐ.நா.வின் 2024 மதிப்பீடு 2080களின் நடுவில் சுமார் 1030 கோடியில் உச்சம் என்கிறது.

கேள்வி: ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தை இருந்தால் தொகை நிலையாக நிற்கும் என்கிறார்கள். தாய்க்கும் தந்தைக்கும் ஈடாக இரண்டு போதாதா?

பதில்: ஈடுகட்ட வேண்டியது தாயை. அவளுக்கு ஒரு மகள் வேண்டும், அந்த மகளும் பிள்ளை பெறும் வயதுவரை உயிரோடு இருக்க வேண்டும். இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. எனவே ஒரு மகளுக்கு 2.05 பிறப்பு தேவை. இடையில் இறந்துபோகும் பெண்களுக்காகக் கொஞ்சம் சேர்த்தால் 2.1. குழந்தைச் சாவு அதிகமுள்ள நாட்டில் இந்த எண் இன்னும் மேலே போகும். கருவிலேயே பெண்ணைக் கலைத்து, 100க்கு 115 ஆண் என்றாகிவிட்ட இடத்தில் இறப்பைச் சேர்க்கும் முன்பே 2.15 வந்துவிடும். 2.1 என்பதை எல்லா நாட்டுக்கும் ஒட்டும் மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டி.எஃப்.ஆர். எனப்படும் மொத்தக் கருவுறுதல் விகிதத்தை நானே கணக்கிட்டேன். ஆண்டின் பிறப்புகளை 15–49 வயதுப் பெண்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 0.05 வருகிறது. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் கண்டது ஓர் ஆண்டின் பிறப்பு. டி.எஃப்.ஆர். என்பது, இந்த ஆண்டின் பழக்கம் அப்படியே நீடித்தால் ஒரு பெண் 15 முதல் 49 வரை மொத்தம் எத்தனை பெறுவாள் என்பது. பெண்களை ஐந்து ஐந்து வயதாக ஏழு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் 1000 பெண்களுக்கு அந்த ஆண்டில் எத்தனை பிறப்பு என்று எடுங்கள். ஒரு கற்பனை நாட்டுக்கு வரிசையாக 20, 110, 130, 80, 35, 9, 1 என்று வைப்போம். கூட்டினால் 385. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் ஐந்து ஆண்டு இருப்பதால் 5ஆல் பெருக்க 1925. 1000ஆல் வகுக்க 1.925. இந்த 5ஐ மறப்பவர்கள்தான் அதிகம்.

அதைவிடக் கெட்ட பிழை தரவில் ஒளிந்திருக்கும். பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் சுற்றுவட்டாரத் தாய்மார்கள் எல்லாம் பிரசவிக்கிறார்கள். பிறப்பு அந்த ஊரில் பதிவாகிறது, தாயோ வேறோர் ஊர்க் கணக்கில். மேலே ஓர் ஊர், கீழே வேறோர் ஊர் என்று வகுத்தால் நகரத்தில் பிறப்பு பொங்கி வழிவதாகத் தெரியும். தாயின் நிரந்தர முகவரிப்படி பிரித்த பிறகே வகுக்க வேண்டும்.

ஓர் ஆண்டின் எண்ணை வைத்துத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். ஜப்பானில் 1966 'நெருப்புக் குதிரை' ஆண்டு; அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் டி.எஃப்.ஆர். 1.58க்கு விழுந்தது, மறு ஆண்டே 2க்கு மேல் ஏறிவிட்டது. அவர்கள் பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை, தேதியைத் தள்ளினார்கள். முதல் பிரசவத்தை 24இலிருந்து 29க்குத் தள்ளும் சமூகத்திலும் இதேதான் மெதுவாக நடக்கிறது: தள்ளிப்போகும் காலம் முழுதும் டி.எஃப்.ஆர். உண்மையைவிடத் தாழ்ந்து காட்டும்.

கேள்வி: குழந்தை எண்ணிக்கை மாறாமல், பெறும் வயதை மட்டும் தள்ளினால் வளர்ச்சி குறையுமா?

பதில்: நன்றாகவே குறையும். ஒரு பெண்ணுக்கு மூன்று பிள்ளை, இறப்பு இல்லை என்று வையுங்கள்; தலைமுறைக்கு 1.5 மடங்கு. சராசரியாக 20 வயதில் பெற்றால் 120 ஆண்டில் ஆறு தலைமுறை, 11 மடங்குக்கு மேல். 30 வயதில் பெற்றால் நான்கே தலைமுறை, 5 மடங்கு.

கேள்வி: சீனாவில் 1990களின் தொடக்கத்திலேயே டி.எஃப்.ஆர். 2.1க்குக் கீழே போய்விட்டதாம். ஆனால் தொகை 2021 வரை ஏறியது ஏன்? சட்டம் போட்டும் பலன் இல்லையா?

பதில்: இரண்டு கேள்வி இது. முதலாவதற்கு விடை வயது அமைப்பு. முந்தைய தலைமுறை நிறையப் பெற்றதால் தாயாகும் வயதில் பெண்கள் ஏராளம். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெற்றாலும் பிறப்புகளின் கூட்டுத்தொகை பெரிது. இறக்கும் வயதிலோ ஆள் குறைவு. அந்த இளம் கூட்டம் முதியவர்களாகும்வரை தொகை ஏறியே தீரும். இதை மக்கள்தொகை உந்தம் என்கிறோம். இறங்கும்போதும் இதே கதை: பெண் குழந்தைகளே குறைந்துவிட்டால், பிறகு டி.எஃப்.ஆர். ஏறினாலும் தாயாக ஆள் இல்லாததால் பிறப்பு உடனே ஏறாது.

சட்டத்தின் பங்கைப் பலர் மிகையாக மதிப்பிடுகிறார்கள். 1970இல் 6ஐ ஒட்டியிருந்த சீனாவின் டி.எஃப்.ஆர்., 1980இல் ஒரு குழந்தைக் கொள்கை வரும் முன்பே 3க்குக் கீழே இறங்கிவிட்டது. எதிர்த்திசைக்கு ருமேனியா: 1966இல் கருக்கலைப்பைத் தடுத்தார்கள், டி.எஃப்.ஆர். 1.9இலிருந்து 1967இல் 3.7க்குப் பாய்ந்தது. சில ஆண்டுகளில் மக்கள் வேறு வழி கண்டுகொள்ள, எண் இறங்கிவிட்டது. மறைவாகச் செய்த கருக்கலைப்பில் தாய்மார்கள் சாவது மட்டும் கூடியது. பெண்கள் படிப்பது, மணவயது உயர்வது, பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி, கருத்தடை கைக்கெட்டுவது: நிலைத்த இறக்கம் வந்த இடங்களில் பெரும்பாலும் இவைதான் வேலை செய்திருக்கின்றன.

கேள்வி: ஜப்பானில் இறப்பு விகிதம் 1000க்கு 10க்கு மேல், கத்தாரில் 2க்கும் கீழ். ஜப்பானின் மருத்துவம் மோசமா?

பதில்: ஜப்பானில் கிழவர்கள் அதிகம், கத்தாரில் வேலைக்கு வந்த இளைஞர்கள் அதிகம். ஒப்பிட வேண்டியது சராசரி ஆயுட்காலத்தை.

கேள்வி: இடப்பெயர்வைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

பதில்: உலகம் முழுவதற்கும் அது பூஜ்யம், ஒரு நாட்டுக்கு அது எல்லாவற்றையும் புரட்டிப்போடலாம். ஜெர்மனியில் 1972 முதல் ஆண்டுதோறும் பிறப்பைவிட இறப்பே அதிகம். வந்து குடியேறியவர்களால்தான் தொகை சரியவில்லை. கையில் இரண்டு கணக்கெடுப்புகள் இருந்தால், பழைய தொகையோடு இடைப்பட்ட பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழியுங்கள். புதிய தொகைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நிகர இடப்பெயர்வு. ஆனால் கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்கள், பதிவாகாத பிறப்பு இறப்பு எல்லாம் அதே மீதியில்தான் வந்து விழும். குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பல நாடுகளில் விடுபடுகிறார்கள். அந்த வயதில் மட்டும் ஆள் வெளியேறியதாகத் தெரிந்தால் நம்பாதீர்கள்.